கண்டக்டர் என்றால் கடத்துபவர்

1

சென்ற மாதம் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு கிழவரைப் பழிவாங்கினேன். எழுபதைத் தாண்டியவர். கையில் தடி, காது கொஞ்சம் மந்தம், முன்வரிசையில் மரியாதையாக உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் நின்று, திரையில் படம் போட்டு, குழந்தைகளுக்கு அறிவியல் சொல்கிற சாக்கில் பழிவாங்கினேன். வீட்டுக்கு வந்து ரசமும் சோறும் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

பந்தலூர்ப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள், படித்த பெண், வெளிநாட்டில் இருக்கிறவள், இப்படியா செய்வாள் என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். வெளிநாட்டுக்கு வந்தால் மனசு பெரிதாகிவிடும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. இங்கே குளிர் பெரிது, வாடகை பெரிது, ரொட்டி பெரிது. மனசு ஊரிலிருந்து கிளம்பிய அளவில்தான் இருக்கிறது.

2

இயற்பியல் ஆராய்ச்சிக்காக நான் இருப்பது தென் ஜெர்மனியில் ஒரு நடுவாந்திர நகரம். வந்த முதல் வாரம் பதிவு அலுவலகத்தில் ஓர் அம்மாள் என்னிடம், "உங்கள் லைட்டர் யார்?" என்று கேட்டார். சிகரெட் பற்ற வைக்கிற லைட்டர் இல்லை. ஜெர்மன் மொழியில் லைட்டர் என்றால் மேலதிகாரி. மின்சாரம் பாய்கிற கம்பிக்கும் அதே சொல்தான். எனக்குத் தெரிந்த ஜெர்மன் அத்தனையும் இயற்பியல் புத்தகத்தில் பொறுக்கியது. ஆகவே, "லித்தியம் அணுக்கள்" என்று பதில் சொன்னேன். அந்த அம்மாள் எழுத்துக்கூட்டி எழுதியும்விட்டார்.

அதோடு போயிற்றா? அப்பா பிறந்த ஊர் என்றார். ஹட்டன், இலங்கை. நீங்கள் பிறந்தது? பந்தலூர், இந்தியா. அப்படியானால் அப்பா இலங்கைக்காரரா? இல்லை, இந்தியர். முன்பிருந்தேவா? முன்பு எந்த நாடும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். இங்கே தமிழ்ப் பள்ளியில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்தார். அவர்களும் முதல் நாளே, "நீங்கள் எவடம்?" என்றார்கள். பந்தலூர் என்றேன். "அது எங்க கிடக்குது?" என்றார்கள். இலங்கையில் இந்தியாக்காரன், இந்தியாவில் சிலோன்காரன், இங்கே இரண்டு பேருக்கும் புரியாத ஒருத்தி.

ஆய்வகத்தில் என்ன வேலை என்று அப்பா போனில் கேட்பார். "கம்பியில ஓட்டை போடுறேன்ப்பா" என்பேன். பொய்யில்லை. லித்தியம் அணுக்களை வெற்றிடத்தில் கடுங்குளிர் ஊட்டி, ஒளியாலேயே இரண்டு தொட்டி கட்டி அடைத்து வைக்கிறோம். இரண்டு தொட்டிக்கும் நடுவே, அதையும் ஒளியாலேயே அமைத்து, ஓர் ஒற்றையடிப் பாதை. அணுக்கள் முண்டியடிக்க முடியாத அளவுக்கு ஒடுக்கம். இதைத்தான் குவாண்டம் கம்பி என்கிறோம். செம்பும் கிடையாது இரும்பும் கிடையாது, பெயர் மட்டும் கம்பி. ஒரு தொட்டியில் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் வைத்தால் அணுக்கள் கம்பி வழியே ஓடும். பாதையை அகலப்படுத்தினால் ஓட்டம் வழுவழுவென்று கூடாது, படிக்கட்டு மாதிரிப் படிப்படியாகக் கூடும்.

பிறகு நான் போய் அதைக் கெடுக்கிறேன். கம்பியின் நட்டநடுவில் ஒரே ஒரு புள்ளியில் ஊசி மாதிரி ஓர் ஒளிக்கற்றையைக் குத்துகிறேன். அதில் பட்ட அணு எத்துப்பட்டு வெளியே போய்விடும், திரும்பாது. கம்பியின் மற்ற இடமெல்லாம் யோக்கியமாக இருக்கிறது. அந்த ஒரு புள்ளியில் மட்டும் களவு. அந்த ஒரு புள்ளி முழுக் கம்பியின் ஓட்டத்தையும் என்ன பாடுபடுத்துகிறது என்பதுதான் கேள்வி. படிக்கட்டுகள் தாழ்ந்து, விளிம்பு மழுங்கிப் போகின்றன.

கண்டதில் இரண்டை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஒன்று, அந்தப் புள்ளி இரண்டு பக்கமும் உறிஞ்சும். அனுப்புகிற தொட்டியும் குறையும், வாங்குகிற தொட்டியும் குறையும். ஏதாவது ஒரு நுனியில் நின்று பார்க்கிறவனுக்கு மறுநுனிக்காரன்தான் திருடன் என்று தோன்றும். இரண்டாவது, ஒளியைக் கூட்டக் கூட்ட இழப்பும் கூடிக்கொண்டே போகும் என்றுதானே நினைப்பீர்கள். ஓர் அளவு வரைதான் கூடும், அப்புறம் குறையத் தொடங்கும். அணு என்பது அலையும்தான். நடுவில் அத்தனை வெறியோடு விழுங்குகிற ஒன்று உட்கார்ந்திருந்தால், அலை அதைச் சுவர் என்று எண்ணித் திரும்பிவிடும். பேராசை பிடித்த ஓட்டைக்கு அதிகம் அகப்படாது.

இதை நாங்கள் கட்டுரையாக எழுதியபோது உடன் வேலை செய்த பையன்கள் வியந்தார்கள். எனக்கு வியப்பாக இல்லை, எனக்கு இது பழைய கதை.

3

எங்கள் தேயிலை எஸ்டேட்டிலும் ஒரு கம்பி இருந்தது.

பந்தலூரிலிருந்து ஜீப் ரோட்டில் உள்ளே போகவேண்டும். மலை உச்சியில் கம்பி மேடு, கீழே பள்ளத்துக்கு அப்பால் பேக்டரி. மேட்டில் நின்று கொழுந்து மூட்டைகளைக் கொக்கியில் மாட்டித் தள்ளிவிடுவது என் அப்பா மாரிமுத்துவின் வேலை. மூட்டை தன் பாரத்திலேயே கம்பியில் வழுக்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டி பேக்டரி வாசலில் போய் இறங்கும். நடுவில் ஒரே ஓர் இரும்புக் கால், நடுக்கால் என்போம். அங்கே கம்பி தொய்ந்து மூட்டை மெதுவாகும். காலின் ஒரு பக்கம் ஓடை, மறு பக்கம் புதர் மண்டிய சரிவு. அங்கே போகப் பாதை கிடையாது என்று எல்லோரும் நம்பினோம்.

எஸ்டேட்டில் மேனேஜர் துரைக்கு அடுத்தபடி கண்டக்டர். பஸ்ஸில் விசில் ஊதுகிறவர் இல்லை, மலை வேலையை மேற்பார்க்கிறவர். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், பேச்சில் ஒரு வார்த்தைக்கு ஒரு 'ங்க' போட்டுப் பேசுவார், குரல் தேன்தான். யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர் என்பதெல்லாம் அவர் வாயில். இது எங்கள் ஆட்கள் சிலோனிலிருந்து கூடவே கொண்டுவந்த கணக்கு. முழுநாள் வேலை பார்த்தால் ஒரு பேர். மத்தியானத்தில் விரட்டிவிட்டால் அரைப் பேர். எதிர்த்துப் பேசினால் பேர் வெட்டு, அன்றைக்கு நீ மலைக்கே வரவில்லை என்று அர்த்தம்.

தேயிலை விலை சரிந்த வருடங்கள் அவை. குன்னூர் ஏலத்தில் தூளைச் சீந்த ஆளில்லை என்றார்கள். பக்கத்து எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக பேக்டரியைப் பூட்டின. எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், காலையில் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரியும் மரவள்ளிக்கிழங்கு. தொழிலாளிக்கும் சம்பளம் நின்றது, கண்டக்டருக்கும் நின்றது. அந்த நேரம் பார்த்துக் கம்பியில் மூட்டை குறைய ஆரம்பித்தது. அப்பா மாட்டிய மூட்டைகள் எல்லாம் பேக்டரிக்குப் போய்ச் சேரவில்லை. விலை விழுந்த கொழுந்தை எவன் திருடுவான் என்று நீங்கள் கேட்கலாம். உழைக்காமல் கிடைக்கிற கொழுந்துக்கு எந்த விலையும் நல்ல விலைதான், அதை வாங்கிக்கொள்ள வெளியே ஆளும் இருந்தார்கள்.

மேட்டிலிருந்தவர்கள் கீழே இருப்பவர்களைச் சந்தேகப்பட்டார்கள். பேக்டரிக்காரர்கள் மேட்டைச் சந்தேகப்பட்டார்கள். லயத்தில் மட்டும், கண்டக்டர் வீட்டில் அரிசிச் சோறு வேகிற வாசனை வருவதாகப் பெண்கள் முணுமுணுத்தார்கள்.

நான் அப்போது ஒன்பதாவது. தமிழ் மீடியம். ஒரு நாள் அறிவியல் டீச்சர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மின்சாரத்தைத் தன் வழியே போகவிடும் பொருளுக்குக் கடத்தி என்று பெயர், இங்கிலீஷில் கண்டக்டர் என்றார். நான் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. திடீரென்று என்னை எழுப்பி, "கடத்திக்கு ஒரு உதாரணம் சொல்லு" என்றார்.

"எங்க எஸ்டேட் கண்டக்டர், டீச்சர்" என்றேன்.

தாமிரம் என்று சொல்லியிருந்தால் என் வாழ்க்கையே வேறு. வகுப்பில் பாதிப் பேர் எஸ்டேட் பிள்ளைகள். கடத்துகிறவர் யார் என்று டீச்சர் கேட்டதாகவும், நான் ஆளையே காட்டிக் கொடுத்ததாகவும் அவர்களுக்குப் பட்டது. கூரை பறக்கிற மாதிரிச் சிரித்தார்கள். டீச்சரே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். சாயங்காலம் நான் லயத்துக்கு வருவதற்குள் விஷயம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

அப்பா அடிக்கவில்லை. அவரும் சிரித்தார். "தெரியாம சொன்னியா, தெரிஞ்சு சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். தெரியாமல்தான் என்றேன். "அப்ப நெசமாத்தான் இருக்கும்" என்றார்.

4

அந்த வாரமே விசாரணை வைத்தார்கள். மாரிமுத்து குடும்பத்துக்குத் தன் களவு தெரிந்துவிட்டது என்று கண்டக்டர் முடிவு கட்டியிருக்கவேண்டும். ஆபீஸ் வராந்தாவில் துரை நாற்காலியில், கண்டக்டர் பக்கத்தில், அப்பா தலைத்துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே. நானும் அம்மாவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டோம்.

"கம்பியில இருந்து ஒத்த மூட்டை கூட உழுகறதில்லீங்க, தொரை. மேட்டுலயே கொறையுதுங்க. நானு நடுக்கால் பக்கம் போனதே இல்லீங்க, போறதுக்குத் தடமே கெடையாது. இவன் மாட்டறதே இல்ல, மாட்டுனன்னு சொல்றானுங்க." அதே தேன் குரலில்தான் சொன்னார்.

அப்பா, "மாட்டினேன் தொர" என்றார். மூட்டை எங்கே விழுந்தது என்று அவருக்கே அப்போது தெரியாது.

பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு நிறுத்துவதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். லயத்து அறையைக் காலி செய்தோம். போவதற்கு முன் அப்பா புதரை வெட்டிக்கொண்டு நடுக்கால் வரைக்கும் போய்ப் பார்த்தார். ஓடைப் பக்கம் ஒன்றுமில்லை. புதர்ப் பக்கம் ஒரு பாறை, பாறைக்குப் பின்னால் காய்ந்த கொழுந்தும் ஜீப் டயர்த் தடமும். இலையைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து அம்மாவிடமும் என்னிடமும் காட்டினார். வேறு யாரிடம் காட்டுவது? சீட்டு வாங்கிய ஆளின் பேச்சு ஆபீஸ் வாசல்படி ஏறுமா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அம்மா சொன்னாள். அந்த இலையை அடுப்பில் போட்டாள்.

பந்தலூர் பஜாரில் ஒரு வாடகை அறை. அப்பா சுமை தூக்கினார். அரிசி மூட்டை, சிமெண்ட் மூட்டை, எது தூக்கினாலும் சிரிப்பார்கள். 'மூட்டை மாரி' என்று பெயர் வைத்தார்கள். சுமைகாரன் என்பதால் வந்த பெயர் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்களுக்கு அர்த்தம் தெரியும். டீக்கடையில், "மூட்டை மாரிக்கு ஒரு டீ" என்று குரல் கொடுப்பான் கடைக்காரன். எனக்கு உபகாரச் சம்பளம் கிடைத்துக் கோயமுத்தூர், அப்புறம் சென்னை, அப்புறம் இந்த ஊர் என்று வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அம்மா செத்தபோது பந்தல்காரன் வந்து, "மூட்டை மாரி ஊடு எதுங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தான். அதை நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

அப்பாவுக்குப் பிறகு மேட்டுக்கு வந்தவனையும் திருடன் என்றார்கள். கடைசியில் பெண்கள் கம்பியில் மூட்டை போடவே மறுத்தார்கள். தலையில் சுமந்து, வழுக்குப் பாதையில் பேக்டரிக்கு இறங்கினார்கள். களவு உச்சத்துக்குப் போனபோது கம்பியில் காக்காய்தான் உட்கார்ந்திருந்தது. ஒளியைக் கூட்டினால் இழப்பு குறைகிறது என்று நான் சொன்னேனே, அதுதான் இது. கொஞ்ச நாளில் பேக்டரியும் பூட்டப்பட்டது. கண்டக்டர் அதற்குள் கோயமுத்தூரில் வீடு கட்டிக் குடிபோய்விட்டார் என்று கேள்வி.

5

என் மகள் மித்ராவுக்குப் பதினொரு வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். தமிழ்ப் பள்ளிக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள். அங்கே வாயே திறப்பதில்லை. அவள் தமிழ் பேசுகிற ஒரே ஆள் அவளுடைய தாத்தா. அவருக்கு வேறு எதுவும் தெரியாது, அதனால் வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அவரிடம் கம்பிக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். மூட்டை, கொக்கி, நடுக்கால், பாறை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பூனையைப் 'பூணை' என்பாள், ஆனால் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து என்றால் என்னவென்று தெரியும்.

அந்தப் பள்ளியின் கமிட்டியில் பிரகாஷ் என்று ஒருவர், கணினிக்காரர், நல்ல மனிதர். பள்ளி வாசலில் ஒரு சனிக்கிழமை, "எங்க அப்பா ஊர்லேர்ந்து வந்திருக்காருங்க" என்று அறிமுகப்படுத்தினார். கம்பளித் தொப்பி, தடி. முகம் சுருங்கியிருந்தது. குரல் சுருங்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, பந்தலூருங்களா? நானு அந்தப் பக்கம் எஸ்டேட்டுல ஆபீசரா இருந்தவனுங்க. சனங்க என்னைய அப்பன் மாதிரிப் பாத்துக்குச்சுங்க."

அதே தேன் குரல், அதே 'ங்க', எங்கள் கண்டக்டர். "அப்படிங்களா" என்றேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சிலோன்காரன் மகளை அவர் எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்? ஆண்டு விழாவில் குழந்தைகளுக்கு என் ஆராய்ச்சியைப் பற்றித் தமிழில் பேசமுடியுமா என்று பிரகாஷ் கேட்டார். இரண்டு வருடமாக மறுத்து வந்தவள் நான். உடனே சரி என்றேன். "அப்பாவும் வருவாருங்களா?" என்று கேட்டுக்கொண்டேன்.

படங்களை மித்ராதான் வரைந்தாள். மேடு, பேக்டரி, கம்பி, நடுக்கால். மூட்டை விழுவதை ஓடைப் பக்கம் வரையச் சொன்னேன்.

"தாத்தா பாறைப் பக்கம்னு சொன்னார்" என்றாள், ஜெர்மனில்.

"எனக்குத் தெரியும். நீ ஓடையில போடு."

அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு ஓடையில் போட்டாள்.

6

சர்ச் ஒன்றின் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பரதநாட்டியம் முடிந்து, வடை கொடுத்து, என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஊரிலிருக்கிற தாத்தா பாட்டிகள் பார்ப்பதற்காக விழாவை நேரலையில் போடுவது வழக்கம். அப்பாவிடம் மறக்காமல் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

அணு, தொட்டி, ஒற்றையடிப் பாதை என்று முதலில் சொன்னேன். பிறகு, "இது புரியவில்லை என்றால் ஒரு தேயிலைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று மித்ராவின் படத்தைப் போட்டேன். கம்பி, மூட்டை, நடுக்கால். ஒரு நுனியில் போட்டது மறுநுனிக்கு வரவில்லை, இரண்டு நுனியிலும் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் திருடன் என்கிறார்கள், நடுவை யாரும் பார்ப்பதில்லை. குவாண்டம் கம்பியிலும் நடுப்புள்ளியைப் பார்க்காமல் நுனியை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாந்துபோவோம் என்றேன். முன்வரிசையில் கிழவர் தடியில் மோவாயை ஊன்றிக்கொண்டு ஆர்வமாகக் கேட்டார். தன் உலகத்தைப் பற்றி ஒருத்தி பேசுகிறாள் என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"இந்தக் கம்பியில் நடுக்காலிடம் வந்ததும் மூட்டை அறுந்து, இதோ, ஓடையில் விழுந்துவிடும்" என்றேன்.

கையைத் தூக்கினார். நான் காத்திருந்தது அந்தக் கைக்குத்தான்.

"தப்புங்க அம்மிணி. ஓடைப் பக்கம் உழுகாதுங்க. கம்பி அந்த எடத்துல பொதருப் பக்கம் சாயுமுங்க. மூங்கிலுல ஒரு தட்டுத் தட்டுனாப் போதும், பாறைக்குப் பின்னால போயி உழுகும். ஓடையில உழுந்தா அப்பறம் எப்படிங்க பொறுக்கறது?"

குழந்தைகள் சிரித்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றவன் கூட இத்தனை விவரமாகச் சொல்லியிருக்கமாட்டான்.

"அங்கே போக வழியே கிடையாதுன்னு சொல்வாங்களே ஐயா" என்றேன்.

"ஆருங்க சொன்னது? ஜீப்பே போகுமுங்க."

அப்போது குழந்தைகள் வரிசையிலிருந்து மித்ரா எழுந்தாள். அவள் எழுந்திருப்பாள் என்று நான் எண்ணவில்லை, சத்தியமாக நான் சொல்லிக் கொடுக்கவில்லை. திக்கித் திக்கி, தமிழில் கேட்டாள்.

"என் தாத்தாவும் பாறை என்றுதான் சொன்னார். வேறே யாருக்கும் தெரியாது என்று சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கூடத்தில் சிரிப்பு நின்றது. அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இந்த முறை சரியாகப் பார்த்தார்.

"நான் மாரிமுத்து மகள்" என்றேன். "கம்பி மேட்டு மாரிமுத்து. ஒத்த மூட்டையும் கம்பியிலிருந்து விழவில்லை, நடுக்கால் பக்கம் போனதே இல்லை என்று துரையிடம் சொல்லி நீங்கள் வெளியே அனுப்பினீர்களே, அவர் மகள். ஒன்பதாம் வகுப்பில் கடத்திக்கு உதாரணம் கேட்டார்கள். உங்களைச் சொன்னேன். அன்று தெரியாமல் சொன்னேன்."

திருடனைத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. "அது வந்துங்க, அந்தக் காலத்துல சம்பளமே இல்லீங்க" என்றார். அது கேள்விக்குப் பதில் இல்லை, ஆனாலும் பதில்தான். பிரகாஷ் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். பிரகாஷின் முகம் செத்திருந்தது. அவருக்காக மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டேன். பிறகு அடுத்த படத்தைப் போட்டு, ஒளியைக் கூட்டினால் இழப்பு ஏன் குறைகிறது என்பதை விளக்கி முடித்தேன். ஆரம்பித்த பாடத்தை முடிக்கவேண்டுமல்லவா.

மகள் பொது இடத்தில் தமிழ் பேசிவிட்டாள் என்று இங்கே சில தாய்மார்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு அந்தச் சந்தோஷமெல்லாம் இல்லை. சரியான இடத்தில் பேசினாள், அதுதான் சந்தோஷம். காரில் வரும்போது, "நான் தப்பா கேட்டுட்டேனா?" என்றாள். "இல்லடி, என்னை மாதிரியே கேட்ட" என்றேன். மறுபடி ஜெர்மனுக்குப் போய்விட்டாள்.

7

இரண்டு நாள் கழித்து பிரகாஷிடமிருந்து செய்தி வந்தது. அப்பா சாப்பிடுவதில்லை, வயசானவர், அந்த வீடியோவை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். பிரகாஷ் கெட்ட மனிதரில்லை என்று முன்பே சொன்னேன். எங்கள் வீட்டிலும் பல நாள் யாரும் சாப்பிடவில்லை என்று பதில் எழுதினேன். வீடியோ இருக்கிறது. இருக்கும்.

உனக்குக் குற்ற உணர்வு இல்லையா, அன்று நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் உன் அப்பாவுக்கு வேலை போயிருக்காதே என்று இங்கே ஒரு சிநேகிதி கேட்டாள். இல்லை. திருடியவன் அவன், பாடம் ஒப்பித்தவள் நான். எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான், அதையும் வீணாக்காமல் இத்தனை வருடம் வைத்திருந்தேன்.

என் அப்பா போனில் முதலில் கேட்டது இதுதான்: "ஓடைப் பக்கம்னு ஏன் புள்ள தப்பா சொன்ன? நான்தான் பாறைன்னு ஒனக்குக் காட்டுனேனே?"

"வேணும்னுதான்ப்பா."

அப்பா சிரித்தார், பழைய லயத்துச் சிரிப்பு. "அன்னிக்கித் தெரியாம சொன்ன, நெசமாப் போச்சு. இன்னிக்கித் தெரிஞ்சே தப்பாச் சொன்ன, அதுவும் நெசமாப் போச்சு. தவள தன் வாயாலதான் கெடும்பாங்க. நம்ம தவளைக்கி ஜெர்மனி வரைக்கும் போவ வேண்டியிருந்திச்சி."

அந்த வீடியோவை பந்தலூர் டீக்கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடைக்காரன் அதைத் தன் பெரிய டிவியில் போட்டிருக்கிறான். மத்தியான பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தார்களாம். "ஓடையில உழுந்தா எப்படிங்க பொறுக்கறது" என்ற இடம் வந்ததும் ஒருத்தன் டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டானாம்.

"முடிஞ்சதும் கடைக்காரன் டீயக் கொண்டாந்து கையில குடுத்து, 'குடிங்க மாரிமுத்தண்ணே'ன்னான் புள்ள" என்றார் அப்பா. "மாரிமுத்தண்ணேன்னான். இன்னிக்கித்தான் எனக்கு முழுப் பேரு."

"போதுமாப்பா?" என்றேன்.

"எங்க போதும்?" என்றார். "வர்ற ஞாயித்துக்கெழம பழைய லயத்து ஆளுக எல்லாத்தையும் கடைக்கி வரச் சொல்லியிருக்கேன். திரும்பப் போடணும்."